முடியாத ஒரு மண்டலம்

போன வாரம் சர்க்கரைக்காகப் பார்த்த லேடி டாக்டர், என் மோவாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார். “சின்ன வயசுல பீரியட்ஸ் ஒழுங்கா வந்துச்சாம்மா?”

“வந்தாத்தான் ஆச்சரியம்.”

“அப்பவே பி.சி.ஓ.எஸ். இருந்திருக்கும்” என்றார். சினைப்பைக் கோளாறாம். எழுபது வயதில் பெயர் தெரிந்து என்ன செய்ய...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் திருவண்ணாமலையில் அதற்குப் பெயரே கிடையாது. நான் தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட். நான்கு மாதம் வராது. வந்தால் பதினைந்து நாள் நிற்காது. எடை ஏறிக்கொண்டே போனது. மோவாயில் முடி வேறு — கணவரின் பிளேடை எடுத்து ரகசியமாக மழிப்பேன்.

கல்யாணத்துக்கு முன் டாக்டர், “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்றார். ஆன பிறகு அதே டாக்டர், “குழந்தை பொறந்தா சரியாயிடும்” என்றார். குழந்தை எப்படிப் பிறக்கும்? அதைச் சீட்டில் எழுதித் தரவில்லை.

ஐந்தாவது வருஷம் மாமியார் கெடு வைத்தார்.

“ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், வுடாம மலைய சுத்து. அதுக்கும் ஒண்ணும் ஆவலன்னா கீழ்பென்னாத்தூர்ல ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கேன்.”

கணவர் பேப்பரில் மும்முரமாக இருந்தார். வேறு யாருக்கோ பெண் பார்ப்பது மாதிரி.

தினமும் விடியலில் கிளம்பினோம். நான் பாதியில் திரும்பிவிடுவேனோ என்று மாமியாரும் கூடவே நடந்தார். பதினாலு கிலோமீட்டர். முதல் வாரம் டைப்ரைட்டர் மேலேயே தூங்கினேன். அப்புறம் கால் பழகியது, ரவிக்கை தொளதொளத்தது.

முப்பத்தோராம் நாள், அடி அண்ணாமலை தாண்டும்போது வயிறு இழுத்தது. மாத்திரை இல்லாமல், தானாக... சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

“தீட்டாயிடுச்சா? போச்சு. மொதல்லேர்ந்து எண்ணு” என்றார் மாமியார்.

எண்ணினேன். அடுத்த முறை இருபத்தேழாம் நாள் முறிந்தது. அதற்கடுத்து இருபத்தொன்பது. உடம்பு சரியாக ஆக, வேண்டுதல் முடிய வழியே இல்லை. “ராசியே இல்லடி உனக்கு” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

நான்காவது முறை முப்பது தாண்டியது. நாற்பதும் தாண்டியது. மாமியாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கோ ஒரே பயம் — பழைய சனியன் திரும்பிவிட்டதா? நாற்பத்தெட்டு முடிந்த அன்றே டாக்டரிடம் ஓடினேன். சோதித்துவிட்டுச் சொன்னார், மாசமாக இருக்கிறேனாம்.

வெளியே காத்திருந்த மாமியாரிடம் சொன்னேன்.

“முழுசா ஒரு மண்டலம் முடிச்சாத்தான் கெடைக்கும்னு நான் அப்பவே சொல்லல?” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாசமானதால்தான் மண்டலமே முடிந்தது என்று விளக்கியிருக்கலாம். அத்தனை நாளும் கூடவே நடந்தவரிடம் எப்படிச் சொல்ல?

“ஆமா அத்தை” என்றேன்.