குளக்கரையின் இரண்டாவது நாற்காலி

அப்பாவின் காரில் மடக்கு நாற்காலிகள் இரண்டு கிடக்கின்றன. ஒன்று அவருடையது. மற்றது என் தங்கையின் கணவருடையது. சனிக்கிழமைகளில் இரண்டு பேருமாக, விமான நிலையத்தை அடுத்த எங்கள் ஹவுன்ஸ்லோவிலிருந்து பக்கத்துக் குளமொன்றுக்கு மீன் பிடிக்கப் போவார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை ஒழுங்காக முடித்து, பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். கவுன்சில் கடிதமோ தொலைக்காட்சிச் செய்தியோ, எதுவென்றாலும் அப்பா என்னிடம்தான் வருவார். "பிள்ளை, இது ஏன் இப்பிடி?" என்று தொடங்குவார். அந்தக் கேள்வி எனக்குச் சொந்தமானது என்றே நினைத்திருந்தேன். தங்கை கல்யாணம் கட்டிய பிறகு அது மருமகன் பக்கம் போய்விட்டது. எந்த மீன், எந்தத் தூண்டில் முள், எந்த இரை என்று வீட்டில் ஓயாத பேச்சு. நான் சோற்றுக் கோப்பையோடு எதிரே இருப்பது இருவருக்கும் தெரியாது.

"பிடிச்சுப்போட்டுத் திரும்பத் தண்ணிக்குள்ள விடுறதுக்கு ஏனப்பா பெற்றோல் எரிக்கிறியள்?" என்பாள் அம்மா. பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடவேண்டும் என்பது அந்தக் குளத்தின் விதி.

நான் மீன்பிடியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். கோடையில் மீன்கள் மாலை வேளையில் கரையோர நாணலுக்குள் மேய வரும். கெளுத்திக்குத் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும், இரை நாற வேண்டும். குளிர் தொடங்கினால் மீன்கள் ஆழத்தில் ஒதுங்கிவிடும், கொஞ்சமாகத்தான் தின்னும். அப்போது இரை சிறிதாக இருக்க வேண்டும். மீனை இழுக்க இரையோடு கூடப் போடும் மா தண்ணீரில் உடனே உதிர வேண்டும். தங்கையின் கணவரோ நவம்பரிலும் ஜூலை மாதத்துப் பழக்கத்தை விடவில்லை. மாவைக் கொழுக்கட்டைபோல இறுக்கி உருட்டி நாணலுக்குள்ளேயே எறிந்துகொண்டிருந்தார். வாராவாரம் ஒரு மீன்கூடக் கொத்தாமல் திரும்பி வந்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட் விழுந்தது.

"நான் வாறன் அப்பா," என்றேன்.

அரிசிமாவில் பாண்தூளும் மாசிக் கருவாட்டுத் தூளும் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசறினேன். பிடித்தால் பிடிபட வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். புட்டுப் பதம்.

"மீனுக்குப் புட்டு அவிக்கப் போறாளாம்," என்று அம்மா தங்கைக்குப் போனில் சொல்லிச் சிரித்தாள்.

குளக்கரையில் இரண்டாவது நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். அதன் கைப்பிடியில் அவருடைய தேநீர்க் கறை இருந்தது. முள்ளில் ஒரேயொரு சோளமணி குத்தி, மேலே மாவை அமத்தி, நடுக்குளத்து ஆழத்துக்கு வீசினேன். தலைக்கு மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அப்பா நாணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூண்டில் நூலான தங்கூசி விறைத்தது. அப்பா வலையோடு ஓடிவந்தார். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கெண்டை.

"எடி பிள்ளை," என்றார் அப்பா. முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த கணம் போனை எடுத்தார். "பொறு, மருமோனுக்குக் காட்டுவம்."

திரையில் அவர் வேலை உடுப்போடு தெரிந்தார். "மச்சாள், பெரிய சாமான். என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை. சும்மா கொத்தினது," என்றேன்.

"சும்மாவோ? புட்டுமாபோல உதிர்த்தெல்லோ கொண்டந்தவ," என்றார் அப்பா. சோளமணி, ஆழம், எல்லாவற்றையும் ஒப்புவித்தார்.

"அடுத்த கிழமை நானும் அப்பிடித்தான் போடப்போறன். மாமா, கதை இருக்கட்டும், மீனைத் தண்ணிக்குள்ள வையுங்கோ."

அதையும் அவரே சொல்ல வேண்டியிருந்தது. குனிந்து வலையோடு மீனைத் தண்ணீரில் தாழ்த்தினேன். விரல்கள் விறைத்தன. மீன் வாலை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விட்டது.

அப்பா அந்த இடத்தையே பார்த்தார். "பிள்ளை, குளிருக்கு இதுகள் ஏன் ஆழத்துக்குப் போகுதுகள்?"

எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி. அடியில் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது என்று தொடங்க வாயைத் திறந்தேன்.

"பொறு, பொறு," என்று அப்பா போனை என் பக்கம் நீட்டினார். "அவரும் கேக்கட்டும்."

சொன்னேன். மறுமுனையில் "ஓம் மச்சாள், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது இரண்டாவது நாற்காலியைக் காரின் பின்னால் போடவில்லை. மடித்து என் காலடியில் வைத்துக்கொண்டேன்.