தனத்தின் சாவுக்குச் சிரித்தவர்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் ஒரு காதுகுத்து பேனரை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். சரவணன் போனில் அழைத்தான். "மலரு, தனம் போயிட்டா" என்றான். எங்கே என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியிலருந்துதான் பேசுறேன்" என்றான். காய்ச்சல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

சாயங்காலம் எங்கள் 'வெரசா வா' ஃபேஸ்புக் காமெடிப் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டு, இறந்துவிட்டாள் என்று எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "போன தடவை போனு, இந்தத் தடவை நீயா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் மேல் தப்பில்லை. தன் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தபோது, அதற்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட்டவள் அவள். வடிவமைத்துக் கொடுத்தவள் நான். ஒவ்வொருவருக்கும் கீழே "நெசந்தான்" என்று பதில் எழுதினேன். ஒன்றில் எழுத்துப் பிழை விழுந்தது. அதற்கும் ஒருவர் சிரித்தார்.

அவளை வீடியோவில் மட்டும் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன். சிலமலைக்காரி. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கதை எழுதி, என் போனுக்கு முன்னால் நடிப்பாள். ஒரு பஸ் காட்சிக்காக மூன்று ஞாயிறு வெயிலில் காய்ந்தோம், பார்க்க ஆளில்லை. காய்த் தூசியில் அவள் விடாமல் தும்மியதைச் சும்மா எடுத்துப் போட்டேன்; ஊரே பகிர்ந்தது.

"நடிச்சா ஒருத்தனும் பாக்கல, தும்முனா கூட்டம். எனக்கு எழுத வரலயா, இவங்களுக்குப் பாக்க வரலயாடீ?" என்று அன்று முழுக்க என்னை நச்சரித்தாள்.

சரவணன் குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுபவன். அவள் ஜீப் ஓட்டுவதுபோல் நடித்த வீடியோவுக்குக் கீழே, "இப்படிக் கியர் போட்டா வண்டி பள்ளத்துலதாங்க கெடக்கும்" என்று எழுதினான். "அப்ப நீயே வந்து ஓட்டு" என்று பதில் போட்டாள். வந்தான். அவனுக்கு ஒரே வசனம்தான்: "உன்னைய எனக்குப் பிடிச்சிருக்கு." பன்னிரண்டு தடவை எடுத்தும் தரையைப் பார்த்தே சொன்னான்.

"மலரு, கேமராவ நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். "இப்பச் சொல்லு."

நிமிர்ந்து, அவளைப் பார்த்துச் சொன்னான். இதை எடுத்திருக்கலாமே என்று நான் புலம்பினேன். "இது உனக்கில்லடீ" என்றாள். தையில் கல்யாணம் என்று இரு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள்.

கடைசி இரண்டு வாரம் நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. தோட்ட வேலைக்கு ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் ஆறு பெண்களை வைத்து நீளமாக ஒரு கதை யோசித்து, ஆறு பேர் குரலிலும் தானே பேசிப் பதிந்து அனுப்பியிருந்தாள். பதினெட்டு நிமிடம். வந்த மறு நொடியே "சூப்பர்" என்று பதில் போட்டேன். அடுத்த நாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"கதையில அழுகுறது யாருடீ?"

"அந்த வயசான அக்காதானே?" என்றேன், குத்துமதிப்பாக.

"நீ கேக்கவே இல்ல. நல்லால்லன்னு சொல்லு, தாங்கிக்கிருவேன். கேக்காமயே சூப்பருங்காத."

போய்விட்டாள். கோபம் தணியட்டும் என்று இருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தது தெரிந்தும், வீட்டுக்கு வரட்டும், போய்ப் பார்ப்போம் என்றே இருந்தேன்.

அவளுக்கான பேனரையும் நான்தான் வடிவமைத்தேன். அது அச்சுக்குப் போன பிறகு அந்தப் பதிவை முழுதாகக் கேட்டேன். அதில் யாருமே அழவில்லை. ஆறு பெண்களும் ஏற்றம் முழுக்கச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். நாலு இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜீப்பிலிருந்து இறங்குமிடம் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. அதைக் குறைத்தால் நன்றாக இருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பதினெட்டு நிமிடமும், அவளிடம் சொல்ல முடியாமல்போன இந்த அபிப்பிராயமும்தான்.