திரைக்குக் கீழே இருந்த வரி

கம்ப்யூட்டரைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். இன்றைக்கும் வரும். என் பெண் சிரிப்பாள், “அம்மாவுக்கு அதுமேல என்ன ஜென்மப் பகையோ” என்பாள். பகைதான். ஆனால் அந்தப் பெட்டியின் மேல் நான் போடும் பழியில் பாதி என் மேல் போட வேண்டியது. அதைப் போடாமலே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

கீழ்வேளூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கடையில் வேலை பார்த்தேன். ஜெராக்ஸ், எஸ்.டி.டி. பூத், ஃபேக்ஸ், ஒரே ஒரு கம்ப்யூட்டர். அம்மா நடவுக்குப் போகிறவள், அப்பா அறுப்புக்குப் போகிறவர். நான் டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் முடித்திருந்தேன். ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் எங்கள் தெருவில் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

ஆற்றில் தண்ணீர் வரும் வரும் என்று பார்த்துக் குறுவையைக் கைவிட்ட காலம் அது. வயலில் வேலை இல்லாத ஆண்கள் முதலில் திருப்பூருக்குப் போனார்கள். பாஸ்போர்ட் எடுக்க முடிந்தவர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். கடையின் பிழைப்பே அவர்களால்தான் நடந்தது. பயோடேட்டா அடிப்பது, ஏஜெண்டுக்கு ஃபேக்ஸ் அனுப்புவது, அங்கிருந்து வரும் காகிதத்தைப் படித்துச் சொல்வது. கொத்தனார், ஹெல்பர், டிரைவர் என்று நான் அடித்துக் கொடுத்த பயோடேட்டாக்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும்.

முதலாளி அந்தக் கம்ப்யூட்டரைத் தஞ்சாவூரில் பழசாக வாங்கி வந்தார். பெட்டியை ஒரு கடையில், மானிட்டரை வேறு கடையில் வாங்கியிருந்தார். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. கடிதம் அடிக்கும் புரோகிராமைத் திறந்தால் விண்டோ பாதித் திரைக்குத்தான் வரும். பெரிதாக்கும் சின்னக் கட்டத்தை அமுக்கினால், அது திரையை விடப் பெரிதாகிவிடும். வலப்பக்கம் மேலும் கீழும் நகர்த்துகிற பட்டை திரைக்கு வெளியே போய்விடும். அடியில் ஐந்தாறு வரிகள் திரையின் விளிம்புக்குக் கீழே மறைந்துவிடும். திரும்ப அமுக்கினால் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கும். நடுவில் ஒரு நிலை அதற்குக் கிடையாது.

முதலாளியிடம் சொன்னேன். “டைப் ஆவுதுல்ல? பிரிண்ட் வருதுல்ல? அப்புறம் என்னம்மா?” என்றார். ஆள் கூப்பிட்டுக் காட்ட அவருக்கு மனசு வரவில்லை.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கடிதத்தின் கடைசியில் போய் என்டர் பட்டனைப் பத்துப் பன்னிரண்டு தடவை தட்டினால், கீழே ஒளிந்திருக்கும் வரிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வரும். படித்துப் பார்த்துவிட்டு, தட்டியதையெல்லாம் திரும்ப அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் பிரிண்டரில் இரண்டாவது தாள் வெறுமையாக வரும், முதலாளி கத்துவார். எரிச்சலான வேலை. ஆனாலும் ஒவ்வொரு கடிதத்துக்கும் செய்துகொண்டிருந்தேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மாதிரி கடைகளில் யாரும் கடிதத்தைப் புதிதாக அடிப்பதில்லை. அதே மாதிரி ஒரு பழைய கடிதத்தைத் திறந்து, பெயரையும் பாஸ்போர்ட் நம்பரையும் மாற்றி, வேண்டியதைத் திருத்தி வேறு பெயரில் சேமித்துக்கொள்வோம். வேலை சீக்கிரம் முடியும். இங்கிலீஷில் தப்பும் வராது என்று நம்பிக்கை.

நான் சொல்லவந்தது நடப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் வந்திருந்தார். அவருடைய தம்பி வளைகுடாவில் லாரி மோதி இறந்திருந்தார். இறந்த இடத்திலேயே சீக்கிரம் நல்லடக்கம் செய்வதுதான் தங்கள் முறை, வீட்டில் எல்லோரும் கலந்து பேசிவிட்டோம் என்றார். ஒவ்வொரு வரியாக நிதானமாகச் சொன்னார். கடைசியில், அங்கேயே அடக்கம் செய்வதில் குடும்பத்தாருக்கு ஆட்சேபணை இல்லை என்று உறுதி சொல்லும் ஒரு வரி வேண்டும், அது இல்லாமல் கம்பெனி கையை அசைக்காது என்றார். அடித்தேன். முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு சொல்லை மாற்றச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அது தேவையான கடிதம், சரியான கடிதம்.

அப்புறம் ஒரு காலை நேரம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கூடக் கணவனின் தம்பி வந்திருந்தார். பக்கத்துக் கிராமம்தான், எங்கள் மாதிரி கூலி வேலைக் குடும்பம். அவர் பெஞ்சியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார், “அண்ணன் தவறிட்டாங்க. சாரத்துலேருந்து விழுந்துட்டாங்களாம். பாடிய அனுப்பச் சொல்லி லெட்டர் எழுதி ஃபேக்ஸ் பண்ணணுமாம். ஏஜெண்ட் சொன்னாரு.”

அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. உடல் வந்து இறங்கிய பிறகுதான் அதையெல்லாம் எடுப்பார்கள். அதுவரைக்கும் அவள் எதிலும் சேர்த்தி இல்லை. நான் ஏறெடுத்துப் பார்க்கச் சங்கடப்பட்டேன்.

கடிதத்தில் கிராம நிர்வாக அலுவலர் சீல் வைக்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கத் தம்பி எழுந்து போனார். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எப்படியாவது அனுப்பச் சொல்லு தங்கச்சி. மொகத்தப் பாத்துடணும். சின்னது பொறந்தப்ப போனவரு. அதுக்கு அவங்கப்பாவத் தெரியாது. ஒரு தடவ காட்டிடணும்.”

“எழுதிடலாங்க்கா. உக்காருங்க,” என்றேன்.

பெரியவரின் கடிதத்தைத் திறந்தேன். பெயர், பாஸ்போர்ட் நம்பர், கம்பெனி, இறந்த தேதி எல்லாவற்றையும் மாற்றினேன். அடக்கம் செய்யுமாறு கேட்டிருந்த பத்தியை அழித்துவிட்டு, உடலை ஊருக்கு அனுப்பி வைக்குமாறு மன்றாடிக் கேட்கிறேன் என்று அடித்தேன். நல்ல இங்கிலீஷ்தான். ‘மன்றாடி’ என்பதற்குச் சொல் யோசித்துப் போட்டேன்.

அப்போதுதான் என் மூளை அந்த விண்டோவின் பக்கம் போயிற்று. முந்தின நாள் திருவாரூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் போனில் ஒரு வித்தை சொல்லியிருந்தார். ஆல்ட்டை அமுக்கிக்கொண்டு ஸ்பேஸைத் தட்டினால் ஒரு பட்டியல் விழும், அதில் நகர்த்துவதைத் தேர்ந்தெடுத்து அம்புக்குறிகளால் விண்டோவை மேலே தள்ளலாம் என்று. முயன்று பார்த்தேன். நகர்ந்தது! எனக்கு ஒரே சந்தோஷம். இன்னும் தள்ளினேன். தலைப்புப் பட்டை திரைக்கு மேலே போய் மறைந்தது. இப்போது அதைப் பிடித்து இழுக்க முடியவில்லை. திரும்ப ஆல்ட், திரும்ப ஸ்பேஸ். பக்கவாட்டில் ஓடியது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினேன். பக்கத்தில் ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறாள் என்பதே மறந்துபோயிற்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

விண்டோ மேலே ஏறிவிட்டதால் அடிவரைக்கும் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். என்டரைத் தட்டிப் பார்க்கவில்லை. கையெழுத்து இடத்தில் பெயர் அடிப்பதும் எங்கள் வழக்கம் இல்லை, புள்ளிக்கோடு மட்டும்தான். அதனால் அங்கே போய்த் திருத்த வேண்டிய அவசியமும் வரவில்லை. பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு தாளைத் தள்ளியது. தாளைக் கிழித்து, புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்து, “இங்க போடுங்கக்கா” என்றேன். அவள் தமிழில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதி முடிக்கும் வரை என் விரல் அந்தத் தாளில்தான் இருந்தது. என் கண் திரையில் இருந்தது.

அலுவலர் சீல் வைத்தார். அவரும் படிக்கவில்லை. ஃபேக்ஸ் போயிற்று.

அதன் பிறகு தம்பி இரண்டு நாளுக்கு ஒரு தடவை எங்கள் பூத்துக்கு வந்து போன் பேசுவார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து “பாடி எப்ப சார் வரும்” என்பது மட்டும் எனக்குக் கேட்கும். வாய்க்கால் கரையில் சுடுகாட்டுக்குப் போகும் பாதையை வெட்டிச் சரி செய்துவிட்டார்களாம். சொந்தக்காரர்கள் வந்து தங்கிப் பார்த்துவிட்டு, சம்பா நடவுக்கு வேலை கிடைக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார்களாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தெரியவில்லையாம்.

அந்த வாரத்தில்தான் முதலாளி மனசு மாறி நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் நாற்காலியில் முழுசாக உட்காரக்கூட இல்லை. மானிட்டர் காட்டக்கூடிய அளவை விடப் பெரிய அளவுக்குத் திரையை வைத்திருக்கிறார்கள் என்றான். இரண்டு இடத்தில் அமுக்கினான். விண்டோ திரைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டை தெரிந்தது, அடி தெரிந்தது. இவ்வளவுதானா என்று நான் கை தட்டினேன். அன்று பூராவும் குஷியாக இருந்தேன்.

மறுவாரம் தம்பி பூத்துக்குள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்தார்.

“பொதச்சிட்டாங்களாம். நாம எழுதிக் குடுத்துட்டமாம். மேல அனுப்புன்னு இருக்காம், கீழ ஆட்சேபணை இல்லன்னு இருக்காம். கீழ இருந்தத எடுத்துக்கிட்டேன்னு சொல்றான் கம்பெனிக்காரன்.”

யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. என்னிடம் எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

நான் கடிதத்தைத் திறந்தேன். இப்போது எல்லாமே ஒரே திரையில் தெரிந்தது. மன்றாடிக் கேட்டுக்கொண்டதற்குக் கீழே, புள்ளிக்கோட்டுக்கு நேர் மேலே, பெரியவரின் கடைசி வரி ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். வந்து, அந்த வரியை அழித்துச் சேமித்தேன். எதற்காக அழித்தேன்? அங்கே போய்ச் சேர்ந்த தாளிலிருந்து அது அழிந்துவிடுமா? அப்படிச் செய்தேன் என்பதுதான் உண்மை. எதிரிலிருந்த ஜெராக்ஸ் மெஷினில் முதலாளி எதையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டாள், தலைவலி என்றேன். போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வேலை போய்விடும், ஊர் கூடும், கடையைக் கொளுத்தினாலும் கொளுத்துவார்கள் என்று நினைப்பேன். இதில் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிந்தது எது என்று இன்றைக்குக் கேட்டால், அந்த ஃபேனும் நாற்காலியும்தான்.

அவள் தனியாகத்தான் வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து, மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்த அந்தக் கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினாள்.

“இத ஒரு தடவ தமிழ்ல படிச்சு சொல்லு தங்கச்சி.”

படித்தேன். பெயர், ஊர், கம்பெனி. மன்றாடிக் கேட்டதைச் சொன்னபோது தலையை ஆட்டினாள். கடைசி வரிக்கு வந்ததும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். ஏஜெண்ட் அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பான். அதையும் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

அவள் என் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். கோபமே இல்லை. கோபம் வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“அன்னைக்கி எனக்கு நெனவே இல்ல. என்ன பேசுனேன், எங்க நின்னேன், ஒண்ணும் தெரியல. அனுப்ப முடியலன்னா அங்கயே வச்சுக்கங்கன்னு வாய்தவறிச் சொல்லியிருப்பனோ? நீதான கூட இருந்த. நானா தங்கச்சி அப்புடிச் சொன்னேன்?”

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

“ஆமாங்க்கா,” என்றேன். “நீங்கதான் சொன்னீங்க.”

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். தாளை அதே மடிப்பில் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“கொழுந்தன்ட்ட சொல்லிடறேன். அது பாவம், யார் யாரையோ திட்டிக்கிட்டுத் திரியுது,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.