பிலோமினா போடாத ஊசி

செய்தி வந்தபோது நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. சிதம்பரத்திலிருந்து பிலோமினாவின் தங்கை போன் செய்திருந்தாள். எடுத்தவர் என் கணவர். "எப்போம்மா? எப்போ?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனை வைத்தார். "பிலோமினா சிஸ்டர் தவறிட்டாங்க. நெஞ்சு வலியாம்" என்றார். நான் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுதத்தான் வேண்டும். "ஓ" என்றேன். மறுபடி பூவின் நரம்பை உருவ ஆரம்பித்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். தன் அம்மா இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. "உங்க கால் வெரல வாங்கினவளுக்கா இவ்வளவு கண்ணீரு?" என்று கேட்டேன். "கெளம்பு. போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். கடலூர் முதுநகரில் அவள் தெருக்காரி என்ற முறையில் என்னையும் எழுதச் சொன்னார்கள். 'எனக்கு அந்தத் தகுதி இல்லை, வேறு யாரையாவது கேளுங்கள்' என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் 2006-இல் கடலூரில் அந்தத் தனியார் மருத்துவமனையின் வராந்தாவில் நின்று நான் பிலோமினாவைப் பார்த்துக் கத்தியதை உங்களில் பலர் காதால் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்டவர்கள் மீதியையும் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருந்தாள் அவள். நர்ஸ் என்று தெரியும், பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். நெருங்கிப் பழகியது சுனாமிக்குப் பிறகு. தேவனாம்பட்டினத்து ஜனங்களைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூடங்களில் நான் வேலை பார்த்ததும் ஒன்று. காயத்துக்குள் சேறும் மணலும் அடைத்துக்கொண்டு வந்தவர்கள் வகுப்பறை பெஞ்சுகளில் படுத்திருந்தார்கள். தன் டியூட்டி முடிந்ததும் பிலோமினா அங்கே வந்துவிடுவாள். டாக்டர் எழுதிய ஊசியைப் போடுவாள். போட்டுவிட்டு நகர மாட்டாள். உங்கள் படகின் பெயர் என்ன, யார் யார் சேர்ந்து வலைக்குப் போவீர்கள், பெண்டாட்டி எந்த ஊர் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து கதை கேட்பாள். வரிசையை ஒழுங்கு பண்ணும் பொறுப்பு என்னுடையது. எனக்குப் பொறுமை எப்போதும் கொஞ்சம் கம்மி.

"ஏம் பிலோ, ஜனங்க வாசல் வரைக்கும் நிக்குது. நீ ஊர்க்கதை கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே?" என்றேன்.

"கதை கேக்கல டீச்சர், கொரலக் கேக்கறேன். இந்த மருந்து சில பேருக்கு ஆகாது. தொண்டை உள்ள வீங்குச்சுன்னா கொரல் மாறிடும். வாயத் தொறக்காம கெடந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்கு அதைக் கேட்டு அசந்து போனேன். இந்தப் பெண்ணிடம் நம் உயிரைக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம் என்று வீட்டில் வந்து சொன்னேன். சொன்னது நான்தான்.

அடுத்த வருஷம் என் மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல், மூக்கொழுகல், இருமல். 'இரண்டு மருந்து சேர்ந்த பெரிய ஊசி ஒன்று வந்திருக்கிறது, ஒரே ஊசியில் எழுந்து உட்காரலாம்' என்று எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். நேராக பிலோமினா வீட்டுக்குப் போய், உங்கள் டாக்டரிடம் சொல்லி அதைப் போட ஏற்பாடு பண்ணு என்றேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சளிக்கா? அட போங்க டீச்சர்! கொசுவ அடிக்க உலக்கையத் தூக்குவீங்களா?" என்று சிரித்தாள். பிறகு, கேட்பது ஆசிரியை என்பதாலோ என்னவோ, பாடம் மாதிரியே சொன்னாள். "அதுல ஒண்ணு பென்சிலின் ஜாதி மருந்து, கிருமியக் கொல்லும். ஆனா சில கிருமிங்க கெட்டிக்காரங்க, அந்த மருந்தையே ஒடச்சிப் போட்டுடும். அப்படி ஒடைக்க வுடாம காவல் காக்கறதுதான் ரெண்டாவது. நுரையீரல்ல சீழ், வயித்துக்குள்ள சீழ், சர்க்கரைக்காரங்க கால் புண்ணு, இந்த மாதிரி எடத்துலதான் அது வேணும். சும்மா சும்மா போட்டா நெசமா வேணும்கிற அன்னிக்கு கேக்காது. போட்டாலும் கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கணும், வயித்தால போகுதான்னு பாக்கணும்." என் மகளுக்கு ஊசியே இல்லாமல் நான்காம் நாள் காய்ச்சல் விட்டது.

2006 மழைக்காலத்தில் என் கணவர் கடற்கரையில் உடைந்த கிளிஞ்சலை மிதித்துவிட்டார். தாலுகா ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து சர்க்கரையைச் சேர்த்து வைத்திருந்த உடம்பு. காலில் உணர்ச்சி மரத்துப் போயிருந்தது. நான்கு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். பாதம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. சுண்டு விரல் கறுத்திருந்தது. காய்ச்சல் நூற்று மூன்று. பிலோமினா வேலை பார்த்த மருத்துவமனைக்கே ஆட்டோ பிடித்தேன். அவளைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. டாக்டர் பார்த்தார், அந்த இரண்டு மருந்து சேர்ந்த ஊசியை டிரிப்பில் ஏற்றச் சொல்லி எழுதினார், அவசர ஆபரேஷன் ஒன்றுக்கு தியேட்டருக்குள் போய்விட்டார்.

பிலோமினா மருந்தை எடுத்து வந்தாள். கணுக்காலுக்கு மேல் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டாள். "அண்ணே, இதுக்கு முன்ன எந்த ஊசிக்காவது ஒடம்பு தடிச்சிருக்கா, மூச்சு முட்டியிருக்கா?" என்று அவரைக் கேட்டாள். நான்தான் பதில் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பாக்கறேனே. நீ சீக்கிரம் போடு." அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, லேபில் கொடுத்து ரசீது வாங்கி வரச் சொன்னாள்.

நான் திரும்பி வந்தபோது வெறும் சலைன் சொட்டிக்கொண்டிருந்தது. மருந்துக் குப்பி தட்டிலேயே இருந்தது. ஏன் போடவில்லை என்றேன். "டாக்டர் வரட்டும் டீச்சர்" என்றாள். சரி, டெஸ்ட் ஊசியாவது போட்டுப் பாரேன் என்றேன். "அதுவும் வேணாம்." தியேட்டருக்கு இரண்டு முறை ஆள் அனுப்பினாள். நான் அந்தப் பேனாக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு கோட்டைத் தொட்டது. பிறகு ஒரு விரல்கடை தாண்டியது. அவருக்குக் குளிர் நடுக்கம் கண்டு கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. கடிகாரத்தைப் பார்க்கிறேன், கோட்டைப் பார்க்கிறேன், தட்டில் கிடக்கும் குப்பியைப் பார்க்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்க, என் புருஷன் என் கண் முன்னால் சாகப் போகிறான் என்றே நினைத்தேன். வராந்தாவுக்கு அவளை இழுத்து வந்து கத்தினேன். "எம் புருஷனக் கொல்றதுக்குத்தான் சம்பளம் வாங்கறியா?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். அவளோடு தனியாகப் பேசினார். "இவருக்கு அது சரிப்படாதும்மா, வேற குடுக்கறோம்" என்று என்னிடம் சொல்லி வேறு மருந்துகளை எழுதினார். நர்ஸுக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் சுண்டு விரலை எடுத்தார்கள். வரும்போதே அந்த விரல் செத்துப்போயிருந்தது என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. அந்த இரண்டு மணி நேரம்தான் விரலைக் கொண்டுபோனது என்று தெருவெல்லாம் சொன்னேன். மூன்று வாரத்தில் அவர் நடந்தார். டிஸ்சார்ஜ் காகிதங்களை அவரே வாங்கி ஆபீஸ் மேஜையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

அதற்குப் பிறகு அவளோடு பேச்சு இல்லை. வேலை மாறிச் சிதம்பரம் போனபோது எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை. 2010-இல் பரீட்சைத் தாள் திருத்தச் சிதம்பரம் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு, கையில் பூசணிக்கீற்றோடு ஓடி வந்தாள். "டீச்சர்! அண்ணே கால் எப்படி இருக்கு?" முகமெல்லாம் சிரிப்பு. நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருப்பவள் போல நின்றாள். "ஒம்பது வெரலோட நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அதே இடத்தில்தான் நின்றிருந்தாள்.

சாவுக்குப் போகிற பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டியதும் என் கணவர் பேச ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு பதினாறு வயசு. திருவதிகையில இருந்தோம். தொண்டைப் புண்ணுக்கு பென்சிலின் போட்டாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆவல, ஒடம்பெல்லாம் தடிச்சு, ஒதடு வீங்கி, மூச்சு நின்னு போச்சு. கை கால் இழுத்துக்கிச்சு. வலிப்புன்னு நெனச்சு கையில சாவிக்கொத்தத் திணிச்சாங்க. பெரியாஸ்பத்திரியில போட்டுத்தான் பொழச்சேன். 'வெளிய சொன்னா காக்கா வலிப்புக்காரன்னு பேரு கட்டிடுவாங்க, எவனும் பொண்ணு தரமாட்டான், வாயத் தொறக்காத'ன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஒங்கிட்டயும் சொல்லல."

அவர் பக்கம் திரும்பினேன். "அப்போ அன்னிக்கு ஆஸ்பத்திரியில?" என்றேன்.

"நீ லேபுக்குப் போனதும் சிஸ்டர் கேட்டாங்க. 'டீச்சர் சொன்னாங்க, சரி. அவுங்க சொல்லும்போது நீங்க செவுத்தப் பாத்தீங்களே, ஏண்ணே?'ன்னாங்க. சொல்லிட்டேன். 'இவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சினேன். 'நான் சொல்லல. நீங்களே சொல்லணும். நீங்க மயங்கிக் கெடந்தா யாரு சொல்லுவா?'ன்னாங்க. வெளிய நீ கத்தினதும் கேட்டுது. நான் அழுதேன். 'திட்டட்டும்ணே. மருந்து உள்ள போயிட்டா திரும்ப எடுக்க முடியாது. திட்டு அப்படியா?'ன்னு சிரிச்சாங்க."

அந்த ஆஸ்பத்திரி நாள் கழிந்து ஆறு வருஷம்! அந்த ஆறு வருஷமும் என் கண் முன்னால் ஓடியது. பண்ருட்டியில் பல்வலிக்குப் போனபோது ஊசி வேண்டாம் என்று எழுந்து வந்தாரே, 'கொழந்த மாதிரி பயந்து சாவறீங்களே' என்று கேலி செய்தேனே. ரோட்டில் விழுந்து கிடந்திருந்தால்? யாரோ கேட்டிருப்பார்கள், நான் முந்திக்கொண்டு 'ஒண்ணும் கிடையாது' என்றிருப்பேன். நானே குத்தச் சொல்லியிருப்பேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். புதுச்சத்திரம் வந்திருந்தது. "சிஸ்டர் நம்ம தெருவுல இருந்த வரைக்கும் பாக்கறப்பல்லாம் 'டீச்சர்கிட்ட சொல்லிட்டீங்களா'ன்னு கேப்பாங்க. ரெண்டு மூணு தடவை மழுப்பினேன். அப்புறம் வெக்கமாப் போயி, சொல்லிட்டேன்னு பொய் சொன்னேன். 'என்னா சொன்னாங்க?'ன்னு ஆசையாக் கேட்டாங்க."

"என்னா சொன்னீங்க?"

"நீ ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேன்."

பஸ் ஸ்டாண்டில் அவள் எதற்காகக் காத்து நின்றாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நம்பியிருக்கிறாள். தெரிந்தும் இவள் விரல் கணக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாளே என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறாள். படுபாவி, படுபாவி என்று பஸ் என்றும் பார்க்காமல் அவரை அடித்தேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. "எனக்குத் தெரியாது பிலோ. சத்தியமா எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். வராந்தாவில் கத்தின அதே தொண்டையால்தான் சொன்னேன். அவள் தங்கை வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர் நல்லவங்க, கோவம்தான் ஜாஸ்தின்னு அக்கா சொல்லும்" என்றாள். அதைக் கேட்டபின் அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

பென்சிலின் ஜாதி மருந்து எதுவும் ஆகாது என்று இப்போது அவர் சட்டைப் பையிலும், என் கைப்பையிலும், மகளிடமும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மலரைப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும்கூட இப்போது தெரிந்துவிட்டது. அப்படியும் அவர் தும்மினால் எனக்குத் திக்கென்கிறது. உங்கள் வீட்டிலும் சுவரைப் பார்க்கிற ஆள் யாராவது இருப்பார்கள். நீங்கள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு அவர்களைப் பேச விடுங்கள்.

அவளுடைய புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தாள் என்று சொல்லிக்கொள்ளவும் வழி இல்லை. என் கணவர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. இந்த ஒரு மாதமாகத் தினமும் ஒரு தடவையாவது அவரோடு சண்டை போடுகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு, காபித்தூள் எங்கே என்று கேட்கிறார். சண்டை போடுவதற்கு எனக்கு ஆள் இருக்கிறது. பிலோமினா எனக்கு வைத்துவிட்டுப் போனது அவரைத்தான்.