மெதுவாகப் போய்ச் சேரும் மருந்து

தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒருவரை மயக்கினால், அவர் அவராகவே விழித்தெழுவாரா? மயக்க மருத்துவராக இத்தனை ஆண்டுகள் வேலை செய்தும் இதை என்னால் அடித்துச் சொல்ல முடிந்ததில்லை. இடுப்பெலும்பு முறிந்து கடலாடியிலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் மகள், "அய்யா முழிச்சிருவாகள்ல டாக்டரம்மா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் சக மயக்க மருத்துவர் மெஹராஜ் இறந்த செய்தி வந்தது. மாரடைப்பு. மறுநாள் அந்தப் பெரியவரின் அறுவை சிகிச்சைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து மயக்கம் கொடுப்பதாக இருந்தது.

டாக்டர் மெஹராஜ் பேகத்தோடு வேலை செய்தவர்களுக்கு, அறுவை அரங்கின் வாசலில் அவர் நோயாளியின் கட்டிலை மறித்து நிற்பது நினைவிருக்கும். கோயில் ஊரான உத்தரகோசமங்கையிலிருந்து வந்த ஒரு முதியவர் வெறும் வயிற்றோடுதான் இருக்கிறார் என்று மகன் சத்தியம் செய்தார். மெஹராஜ் வேறு விதமாகக் கேட்டார்.

"பிரசாதம் என்ன குடுத்தீக?"

"பஞ்சாமிர்தம் கொஞ்சம். அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கா?"

"சாமிக்குக் கணக்கில்ல. வயித்துக்கு உண்டு. மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா என்ன செய்வீக?"

அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. "எங்காளுக மக்காவுலேர்ந்து வந்த ஜம்ஜம் தண்ணிய சொம்போட குடுப்பாக" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

முதியவர்களுக்கு அவர் மருந்தைச் செலுத்திவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்து அறுவை மருத்துவர் பொறுமையிழப்பார். "என்னம்மா, பாம்பன் பாலத்துல ரயில் போற மாதிரி ஊர்றீக! இன்னொரு ஊசி போடுங்க."

"பாலத்துல வேகமாப் போனா கடல்லதான் கெடக்கணும் சார். இவுக ரத்தம் மெதுவா ஓடுது. மொதல்ல போட்டதே இன்னும் போய்ச் சேரல."

அவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டுவிட்டேன். "தெனமும் இருக்கு" என்றார். "பயந்தா கை மெதுவாப் போகுது. இந்த வயசுக்காரங்களுக்கு அதுதான் வேணும்."

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பயம் ஒன்றைத்தான்.

மறுநாள், அவருடைய ஜனாஸா அடக்கத்துக்குப் புறப்பட்ட நேரத்தில், நான் அரங்கில் தனியாக நின்றேன். மயக்க மருந்து இறங்கியதும் பெரியவரின் ரத்த அழுத்தம் சரிந்தது. பயந்தேன்; கை மெதுவாகப் போனது. அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கொஞ்சமாகப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றேன். ஏறியது. மாலையில் கண் விழித்த பெரியவர் மகளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"யாருத்தா நீ?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கட்டிலருகே போனேன்.

"ஏத்தா, கண்ணாடியக் கழட்டி எங்கன வச்ச?" என்றார் பெரியவர். "அதக் குடுத்தாத்தான ஆளு தெரியும்."