கற்பூரத்தைப் பையில் வைக்கச் சொன்னவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்பியது குகையைப் பார்க்க அல்ல, என் மகளைப் பார்க்கத்தான். இரத்தினபுரிப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் குகையில் அவள் வழிகாட்டியாகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நாங்கள் போன அன்று கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். அவள் கூட்டத்தை நடத்தும் விதத்தைப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அவர்தான் முடிவு சொல்வாராம். வாசலிலேயே என் காதில் போட்டாள்.

என் பயமெல்லாம் வீட்டுக்காரரை நினைத்துத்தான். அவர் தோட்டத்துக் கோயில் தலைவர். லயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, வீட்டில் நான் பேசுவதைத் தவிர.

தலையில் தொப்பியும் விளக்குமாக உள்ளே இறங்கினோம். அம்மாடி! கூரையிலிருந்து மெழுகு வடிந்து உறைந்தது போல வெள்ளை வெள்ளையாகக் கற்கள் தொங்கின. ஒரு சுவர் மடிப்பு மடிப்பாக, சேலை காயப்போட்டது போல இருந்தது. அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு மகள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியில கரைஞ்ச சுண்ணாம்புதாங்க சொட்டுச் சொட்டா இப்பிடிப் படியுது. ஒரு விரக்கடை வளர நம்ம ஆயுசு பத்தாது."

நான் பெற்றதா இப்படிப் பேசுகிறது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார். அங்கே தரையிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல், லிங்கமேதான். செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் தேயிலைக்குள் ஒரு கல்லை நட்டாலே விழுந்து கும்பிடுகிற ஆட்கள் நாங்கள். இதைப் பார்த்தால் சும்மா இருப்போமா? எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவர் கற்பூரத்தை எடுத்துக் கல்லின் அடியில் வைத்து, தீப்பெட்டியைத் திறந்தார்.

"ஐயா, பத்த வைக்காதீங்க."

என் மகள்தான். அப்பா என்று கூப்பிடவில்லை.

"சாமிக்குத்தானே ஏத்துறேன்" என்றார், குரலை உயர்த்தி.

"சாமியாவே இருக்கட்டுங்க. மேல பாருங்க, அபிஷேகம் அதுபாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கு. அதுலதான் இது வளருது. பொகை பட்டா கறுத்துப் போயிரும், கழுவினாலும் போகாது. கற்பூரத்தைப் பையில வச்சுக்கிடுங்க."

அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். இவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. கற்பூரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எல்லாரும் கையால கும்புட்டு வாங்க" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே வந்ததும் அதிகாரி நேராக இவரிடம் வந்தார். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பிள்ளை கொஞ்சம் கண்டிப்பு, ஆனால் இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், இனி இங்கேயேதான் இருப்பாள் என்று சிங்களத்தில் சமாதானம் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பெருமையில்தான்.

இவருக்கு வருவது கடைத்தெருச் சிங்களம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அபே துவ, மாத்தயா" என்றார்.

பிறகு வேனுக்குப் பக்கத்தில் நின்ற லயத்து ஆட்களிடம் திரும்பி, அவள் பிறந்ததிலிருந்து பார்த்தவர்களிடம், "எங்க மக" என்று தமிழிலும் ஒரு தடவை சொன்னார்.