கைதி வண்டியை ஏலம் எடுத்தது யார்?

ஓடாத கைதி வண்டியை அண்ணன் தலையில் கட்டிவிட்டு, பிறகு அதையே ஓட்டிக்கொண்டு போனவள் என்கிறார்களே அவளை? சொல்லட்டும். நாக்குதானே, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் புரளும். சொல்கிறவர்களில் ஒருவராவது அன்று ஏலக் கொட்டகைக்குள் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் உட்பட எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

அரசாங்கத்துக்கு உழைத்து ஓய்ந்த வண்டிகளை அவ்வப்போது ஏலம் விடுவார்கள். ஜீப், ஆம்புலன்ஸ், தண்ணீர் லாரி என்று மைதானம் முழுக்க வரிசையாக நிற்கும். பார்க்கலாம், தொடலாம், சாவி போட்டுக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. வாங்கிய பிறகு நொண்டியோ முடமோ, அது உங்கள் பாடு.

அண்ணனின் பட்டறைக்கு வண்டி பொறுக்குகிறவள் தங்கைதான். அண்ணன் நல்ல மெக்கானிக், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பெயின்ட் பளபளத்தால் போதும், அவன் கை தானாக மேலே போய்விடும். அவளோ ஒரு கோணிச் சாக்கை விரித்துப் போட்டு ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் நுழைந்துவிடுவாள். வெளியே ஒரு ஜோடி செருப்பு மட்டும் தெரியும். மற்ற வியாபாரிகள் அவளுக்குச் சாக்குக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"சாக்கு சொல்றவங்கதான் வெட்கப்படணும். நான் விரிக்கிறவ" என்பாள்.

ஏலத்துக்கான அனுமதி அட்டை அண்ணன் பெயரில் இருந்தது. அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அவன் பெஞ்சில் உட்காருவான், அவள் பின்னால் நிற்பாள். சட்டை நுனியை இழுத்தால் அவன் கையைத் தூக்க வேண்டும். இழுக்காவிட்டால் கை மடியிலேயே கிடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பக்கத்தில் இருப்பவன் உஷாராகிவிடுவான். இப்படித்தான் பல வருடம் ஓடியது. பட்டறையும் வளர்ந்தது.

அன்று கைதி வண்டியின் முறை வந்தது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி, இன்ஜினில் விரிசல். முந்தின நாளே அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய வண்டி அது. அடுத்து வரவிருந்த தண்ணீர் லாரியின் அச்சில் மட்டும் அவளுக்கு ஒரு சந்தேகம். "அண்ணா, இன்னொரு தடவை பாத்துட்டு வரேன். இது நமக்கு வேண்டாம், கையைக் கட்டிக்கிட்டு உக்காரு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். அவனும் தலையை ஆட்டினான்.

அவள் நகர்ந்த இடத்துக்குப் பழைய இரும்புக்காரர் வந்து நின்றார். எடைக்குப் போட அந்த வண்டி அவருக்கு வேண்டும். முழங்கையில் குடை தொங்கியது. குடைக்கம்பியின் நுனி அண்ணனின் சட்டையில் மாட்டியது. அவர் விலை கேட்கக் கையைத் தூக்கினார், சட்டை இழுபட்டது. தங்கை வந்துவிட்டாள், மனதை மாற்றிக்கொண்டாள் என்று அண்ணனும் தூக்கினான். அவர் விடவில்லை, மறுபடி தூக்கினார். இவனும் தூக்கினான். தன்னோடு மல்லுக்கட்டுகிறவனைத் தானே கிளப்பிவிடுகிறோம் என்று அந்த மனிதருக்கும் தெரியாது, பாவம்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

அவள் உள்ளே ஓடி வந்தபோது ஏலச் சுத்தியல் விழுந்துவிட்டது. சட்டையில் மாட்டிய கம்பியைப் பார்த்தாள். பார்த்ததும் எல்லாம் புரிந்தது. சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டாள். நாலு பேர் நடுவில் அண்ணனைச் சிரிப்புக்கு இடமாக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்தபின் அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் முகம் கறுத்துப் போனது.

மறுநாள் கைதி வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். தெருவே கூடியது. தையல்காரர் கம்பியைத் தட்டிப் பார்த்து, "யாரப்பா இதைப் பொறுக்கினது?" என்றார்.

"வேற யாரு? இவதான் இழுத்தா, நான் தூக்கினேன்" என்றான் அண்ணன்.

குடை கையைத் தூக்க வைத்தது என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கு வாய் வரும்? ஆனால் கேட்டுக்கொண்டு நின்றவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவளிடம் நகை இல்லை, நிலம் இல்லை. சாக்குக்காரி பார்த்த வண்டி சோடை போகாது என்ற ஒரு பேச்சுதான் அவள் சொத்து. ஒரே வாக்கியத்தில் அண்ணன் அதைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டான்.

"உண்மையைச் சொல்லிடு அண்ணா" என்று அன்று மாலை கேட்டாள்.

"விடு. ஊர் நாலு நாள் பேசும்."

"அப்போ அந்த வண்டியை எனக்குக் குடு. இத்தனை வருஷம் நான் கூலின்னு எதுவும் கேட்டதில்ல."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எடுத்துக்கோ, தாயே. இடமாவது மிச்சமாகும்."

பட்டறை மூலையில் நசுங்கிக் கிடந்த ஆம்புலன்ஸில் இன்ஜின் மட்டும் முழுசாக இருந்தது. அதையும் கேட்டு வாங்கி, பட்டறை வேலை முடிந்த பிறகு கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். ஜன்னல் கம்பிகளை அறுத்து இரும்புக்காரரிடமே விற்றாள். மழைக்காலம் முடிவதற்குள் வண்டி உறுமியது. அனுமதி அட்டையும் வாங்கிவிட்டாள், தன் பெயரில். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையும் பேசி முடித்தாள்.

புறப்படும் காலையில் அண்ணி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "ஒரு வார்த்தைக்காகவா போற?"

"அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லச் சொல்லுங்க அண்ணி, இறங்கிடறேன்."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். எதிரே தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் தொண்டையைச் செருமினான், மேலும் செருமினான். கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "நீ போயிட்டா எனக்கு யாரு வண்டி பாத்துக் குடுப்பா?"

"எனக்குத்தான் பாக்கத் தெரியாதுன்னு தெருவுக்கே சொல்லிட்டியே. அப்புறம் என்ன கவலை?"

கைதி வண்டி வெளியே போக வாசல் கதவின் இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். ஒரு பக்கத் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. அவள் சுத்தியலை எடுக்குமுன் அண்ணனே குனிந்து, மூச்சைப் பிடித்து அதை உருவினான்.

"வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தெருவில் இறக்கினாள்.